மணல் கரைக்காரரின் முடிச்சு

என் அக்கா சிந்தாவின் புருஷன் பெர்னபே, பதின்மூன்று வயதில் மத்திப் படகில் ஏறியவர். நாற்பத்தெட்டு வருஷம் கடலில் கிடந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, வலது காது மந்தமானது. அறுபத்தோரு வயதில், இனிமேல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று அவர் நிம்மதியாக இருந்த நேரம் பார்த்து எங்கள் படகுக்குச் சூரை அனுமதி வந்து சேர்ந்தது.

சூரை என்றால் டப்பாவில் அடைக்கிற சின்னச் சூரை இல்லை. நீலத் துடுப்புச் சூரை. ஒன்று இருநூறு கிலோ தேறும். அரசாங்கப் பட்டியலில் பேர் இருக்கிற படகுதான் அதைத் தொடலாம். 'இரண்டு சகோதரிகள்' என்ற எங்கள் படகு ஆறு வருஷம் வரிசையில் கிடந்தது. ஏழாவது வருஷம் கடிதம் வந்தது. இந்தப் பருவத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு மீனாவது கரைசேர்த்தால் அடுத்த வருஷமும் பேர் நிற்கும். ஒன்றுமே இல்லையென்றால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

மறுபடி ஆறு வருஷம் என்றால் மச்சானுக்கு அறுபத்தேழு. அதைக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. மச்சான் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எத்தனை கோடி மத்தி புடிச்சிருப்போம் மாப்ள. ஒரே ஒரு மீனு கேக்குறாங்க."

"கேக்குறவங்களுக்கு என்ன, கேப்பாங்க," என்றேன்.

நான் ருஃபினோ. பாதிப் படகு என்னுடையது, அதனால் பாதித் தலைவலியும் என்னுடையது. எனக்கு அப்போது நாற்பத்தாறு.

எங்கள் ஊர் இஸ்லா கிறிஸ்தினா. கரையெல்லாம் மணல், கடலடியெல்லாம் சேறு. வலை வீசினால் இருபது பாகத்தில் தரை தட்டும். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அந்தக் கடலில் மச்சானுக்கு ஒரு பேர் இருந்தது, முடிச்சுக்காரர் என்று. பேய்க்கணவாய் பிடிக்க நாங்கள் மண்பானைகளைக் கயிற்றில் கோத்து மாதக்கணக்கில் சேற்றில் போட்டுவைப்போம். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் பானைகள் போயே போச்சு. மச்சான் கட்டிய வரிசையில் ஒரு பானைகூடப் போனதில்லை. எல்லோரும் முடிச்சை முடித்து எழுந்துவிடுவார்கள். அவர் மட்டும் கடைசியில் ஒரு சுற்றுக் கூடப் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி, அப்புறம்தான் விடுவார். பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் கயிற்றையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவரும் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு கட்டிக்கொடுப்பார். அவருக்கு அதில் ஒரு சின்னக் கர்வம் உண்டு. வேறு எதிலும் கர்வப்பட்டு நான் பார்த்ததில்லை.

சூரை எங்கள் கரையில் நிற்காது, அவசரமாகக் கடந்துபோகும். அது நின்று மேய்கிற இடம் கிழக்கே, கடல் ஒடுங்கிப் போகிற நீரிணை. அதனால் ஜூன் முதல் வாரம் படகை ஓட்டிக்கொண்டு நீரிணைக் கரையில் இருக்கிற தாரிஃபாவுக்குப் போனோம். ஒரே நாட்டுக் கடல்தான், ஆனால் எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆழம் நூறு பாகம், இருநூறு பாகம் என்று போகிறது. தண்ணீர் ஆறு மாதிரி ஓடுகிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மனசை மாற்றிக்கொள்கிறது. மச்சான் முதல்நாள் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எப்படிடா நிக்கிறது," என்று அவர் கேட்டது என்னைத்தானா என்று தெரியவில்லை.

எப்படி நிற்பது என்று சொன்னவன் அம்ப்ரோசியோ. தாரிஃபாக்காரன், சொந்தப் படகு வைத்திருப்பவன், வாய் மட்டும் இரண்டு படகு நீளம். காப்பிக்கடையில் ரொட்டியில் சிவப்புப் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டே விளக்கினான். கைத்தூண்டில்தான். ஆனால் இந்த ஓட்டத்தில் வெறும் தூண்டில் இறங்காது. நாலு கிலோக் கல்லைச் சணல் நூலால் தூண்டில் நரம்போடு சேர்த்துக் கட்டி இறக்க வேண்டும். சூரை மேய்கிற ஆழம் வந்ததும் வெடுக்கென்று ஒரு இழுப்பு. கல் கழன்று கீழே போய்விடும். இரைக் கணவாய் மட்டும் ஓட்டத்தோடு உயிருள்ளது மாதிரி மிதக்கும். மீன் கவ்வினால் நரம்பின் மறுநுனியில் கட்டிய பெரிய மிதப்பைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட வேண்டும். மீன் அதை இழுத்து இழுத்துக் களைத்துப்போகும். அப்புறம் நம் பாடு.

"ஒரு இறக்கத்துக்கு ஒரு கல்லு. போன கல்லு திரும்ப வராது," என்றான். "கல்லு இருக்குல்ல உங்ககிட்ட?"

"எங்க ஊர்ல கல்லே கிடையாது. எல்லாம் மணலு," என்றார் மச்சான்.

கடையே திரும்பிப் பார்த்தது. "கல்லே கிடையாதா? அப்ப கோவம் வந்தா எதை எடுத்து எறிவீங்கண்ணே?"

"செருப்பை," என்றார் மச்சான், முகத்தைத் தூக்காமல். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு மணல்காரர் என்று பேர் விழுந்தது.

ஊருக்குப் பின்னால் வற்றிப்போன ஓடை ஒன்று உண்டு. அங்கே போய்க் கல் பொறுக்கினோம். எல்லாக் கல்லும் ஆகாது. நடுவில் கொஞ்சம் இடுங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நூல் வழுக்காது. காலையில் மூன்று நடை, மாலையில் மூன்று நடை. இரண்டு கையிலும் வாளி. மச்சானின் இடுப்பு ஒவ்வொரு நடைக்கும் ஒரு தரம் மறுப்புச் சொல்லும். அவர் நின்று, மூச்சுவிட்டு, மறுபடி நடப்பார். "நாப்பத்தெட்டு வருஷம் கடல்லேர்ந்து கரைக்குக் கொண்டுவந்தேன். இப்பக் கரையிலேர்ந்து கடலுக்குச் சுமக்குறேன்," என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அதோடு லெவாந்தே பிடித்துக்கொண்டது. கிழக்குக் காற்று. ஒன்பது நாள் நிறுத்தாமல் அடித்தது. ஒரு படகும் வெளியே போகவில்லை. நாங்கள் படகிலேயே படுத்து, படகிலேயே சமைத்து, கணவாயை உப்பில் போட்டு வைத்து, தூண்டில் முள்ளைத் தீட்டி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைக்கு உறை தைத்துக்கொண்டு கிடந்தோம். காற்று ஓயும் என்று தினம் காலையில் யாராவது சொல்வார்கள். அது அவர்கள் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்தாம் நாள் வெளியே போனோம். அந்தக் கடலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மீன் நிற்பது கடலடியில் உள்ள ஒரு பாறைமேட்டின் மேல். அதைப் பார் என்போம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டத்தில் பாரின்மேல் மிதந்து போகும்; தாண்டியதும் ஓரமாகச் சுற்றிவந்து வரிசையின் பின்னால் சேர்ந்துகொள்ளும். யாரும் யாரையும் முந்துவதில்லை. எங்களை ஏழாவதாக விட்டார்கள்.

மச்சான் கல்லைக் கட்டி இறக்கினார். தொண்ணூறு பாகம் போனதும் வெடுக்கென்று இழுத்தார். கல் கழலவில்லை. மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். கழன்றால்தானே. நரம்பு இறங்கிக்கொண்டே போய்க் கல் பார் இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், எங்கள் படகு நங்கூரம் போட்ட மாதிரி நின்றுவிட்டது. பின்னால் வந்த படகுகளோ ஓட்டத்தில் வந்துகொண்டே இருந்தன.

"வெட்டுங்க மச்சான்," என்றேன்.

அவர் வெட்டவில்லை. எங்கள் கரையில் எதையும் வெட்டிவிடுவது கிடையாது. மாட்டினால் படகைப் பின்னால் விட்டு, பொறுமையாக எடுப்போம். அவர் எஞ்சினைப் பின்னோக்கிப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குள் எட்டாவது படகின் நரம்பு எங்கள் நரம்பில் சுற்றியது, அதில் ஒன்பதாவது படகினுடையது சுற்றியது. நான் கத்தியை எடுத்து வெட்டினேன். மூன்று படகுக்கும் அன்றைய காலை பாழ்.

ரேடியோவில் அம்ப்ரோசியோவின் குரல் வந்தது. "மணல்காரரே, அது கல்லண்ணே, உங்க பொண்டாட்டி இல்ல. விட்டாத் திரும்பி வரலேன்னு யாரும் அழமாட்டாங்க."

துறைமுகத்துக்குத் திரும்பியதும் மச்சான் பத்துக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு, இழுத்தால் அவிழ்கிற முடிச்சைப் போட்டுப் பழக உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நூலைச் சுற்றினார், மடித்தார், மடிப்பை உள்ளே விட்டார், சரியாகத்தான் வந்தது. அப்புறம் அவர் பார்வை வேறெங்கோ போயிற்று, கை தானாக ஒரு சுற்றுக் கூடப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்திவிட்டது.

"பாத்தீங்களா?"

"என்னத்த?"

"கடைசிச் சுத்து போட்டுட்டீங்க."

அவர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பத்துக் கல்லில் எட்டில் அப்படி. மறுநாள் கடலில் மறுபடி இரண்டு கல் கழலவில்லை. நல்லவேளை, பாரில் மாட்டவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே முடிச்சுல நீங்க கை வைக்காதீங்க மச்சான். கல்லு, மிதப்பு, நங்கூரம், எல்லா முடிச்சும் நானே போட்டுக்கிறேன். நீங்க நரம்பை மட்டும் புடிங்க."

கத்தித்தான் சொன்னேன். பக்கத்துப் படகில் கேட்டிருக்கும். அவர் தன் கைகளைப் பார்த்தார். "சொன்னாக் கேக்கமாட்டேங்குது மாப்ள. களைச்ச மாடு வீட்டுக்குப் போற மாதிரி தானாப் போகுது," என்றார். அதோடு ஒதுங்கிக்கொண்டார். இஸ்லா கிறிஸ்தினாவில் யாராவது அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். நான் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு நாளைக்கு நாற்பது கல். விடிந்ததும் உட்கார்ந்து கட்ட ஆரம்பிப்பேன். சுற்று, மடி, உள்ளே விடு, லேசாக இழு, போதும். சுற்று, மடி, உள்ளே விடு. இரண்டு வாரத்தில் ஐநூறுக்குமேல் கட்டியிருப்பேன். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. கனவில்கூடக் கட்டினேன். கல் இப்போது ஒழுங்காகக் கழன்றது. மீன்தான் வரவில்லை. மற்ற படகுகளுக்கு ஒன்று, இரண்டு என்று கிடைத்தது. அம்ப்ரோசியோ மூன்று பிடித்தான். எங்களுக்கு ஒன்றும் இல்லை. மச்சான் காலையிலிருந்து மதியம்வரை நின்றபடியே நரம்பைப் பிடித்திருப்பார். மதியம் ரொட்டியை வாயில் போட்டு மெல்லும்போதே கண் சொருகிவிடும். அக்கா தினமும் போன் செய்வாள். "சாப்புடுறாரா?" என்பாள். "மென்னுக்கிட்டிருக்கார்," என்பேன்.

ஜூலை மூன்றாம் வாரம் ரேடியோவில் அறிவித்தார்கள்: இந்த வருஷத்துக்கு அனுமதித்த மொத்த அளவு முடியப்போகிறது, நாளை நண்பகலோடு சூரைப் பிடிப்பு மூடப்படும். அதற்கப்புறம் பிடித்தால் குற்றம்.

எங்களுக்கு ஒரு காலைதான் பாக்கி. அன்றைக்கு எழுந்ததும் பார்த்தால் மிதப்பு வெயிலில் வெடித்துக் காற்றுப் போய்க் கிடந்தது. அம்ப்ரோசியோவிடம் பழையது ஒன்றை வாங்கிவந்தேன். கல் முடிச்சுகள் இருபது கட்டினேன். அதே கையோடு வாங்கிவந்த மிதப்பின் வளையத்தில் நரம்பின் நுனியைக் கட்டினேன். மச்சான் பக்கத்தில்தான் உட்கார்ந்து கணவாயை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. முடிச்சில் கை வைக்காதீங்க என்று சொன்னவனே நான்தானே.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், படகு மூன்றாம் தடவை பாரின்மேல் மிதந்தபோது, மச்சான் இழுத்தார், கல் கழன்றது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவர் முதுகு நிமிர்ந்தது.

"வந்துருச்சு மாப்ள," என்றார், மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல.

நரம்பு கூடையிலிருந்து உருவிக்கொண்டு பறந்தது. கையுறையின் ரப்பர் தீய்ந்து நாறியது. நான் எஞ்சினைத் திருப்பி மற்ற படகுகளின் வழியிலிருந்து விலகினேன். அவர் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்து, விடவேண்டிய இடத்தில் விட்டார். இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. கூடை காலியாகும்போது மிதப்பை இரண்டு கையாலும் தூக்கி எறிந்தார். அது விழுந்தது, ஒரே இழுப்பில் தண்ணீருக்குள் போனது. பெரிய மீன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் இருபது வருஷமாகப் பார்க்கவில்லை.

பிறகு மிதப்பு மேலே வந்தது. வந்து, அப்படியே நின்றது.

கிட்டப் போனோம். நான் கொக்கி போட்டு எடுத்தேன். வளையம் சுத்தமாக இருந்தது. நரம்பு அறுந்திருந்தால் ஒரு துண்டாவது முடிச்சோடு தொங்கும். ஒன்றும் தொங்கவில்லை. மீன் ஒரே ஒரு இழுப்பு இழுத்திருக்கிறது, என் முடிச்சு கல் முடிச்சு மாதிரியே அவிழ்ந்து கொடுத்திருக்கிறது.

மச்சான் வளையத்தைப் பார்த்தார். அப்புறம் என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரேடியோ கரகரத்தது. "மணல்காரரே, மிதப்பு உள்ள போனதப் பாத்தோம். மீனு இருக்கா?"

நான் ஒலிவாங்கியை எடுக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"இல்லப்பா. மிதப்பு முடிச்சு அவுந்துருச்சு. நான்தான் கட்டினேன்."

பிறகு அம்ப்ரோசியோ சொன்னான், "அப்பக் கடைசியில எங்க ஊரு முடிச்சக் கத்துக்கிட்டீங்க. இடந்தாண்ணே தப்பாப்போச்சு." அதற்குப்பின் இரண்டு மூன்று படகுகளிலிருந்து சிரிப்பு வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். மச்சானும் ஒலிவாங்கியில் கேட்கிற மாதிரி கொஞ்சம் சிரித்துவிட்டு, அதை அதன் இடத்தில் மாட்டினார்.

"எதுக்கு மச்சான் அப்படிச் சொன்னீங்க? கட்டினது நானு."

"தெரியும்." கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "சூரை அனுமதி இல்லாமப் படகு இனி நம்ம கையில நிக்காது மாப்ள. வித்துருவோம். நீ எவன் படகுலயாவது போயி நிக்கணும், இன்னும் இருபது வருஷம். சூரைய விட்டவன்னு பேரு கெடச்சா எவன் சேத்துக்குவான்? எனக்கு இனிமே எந்தப் படகு? நான் சொன்னா நம்புவாங்க. எனக்கு இந்தக் கடலு முடிச்சு வராதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"நான் போய்ச் சொல்லிடுறேன்."

"சொல்லி? ரெண்டு பேரு பேரும் கெடணுமா?" அவர் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கல்லு பாக்கி இருக்கா? இருந்தா இறக்கிப் பாப்போம். இல்லன்னா எஞ்சினைப் போடு. களைப்பா இருக்கு."

பதினோரு கல் பாக்கி இருந்தது. மாற்று நரம்பை எடுத்து எல்லாவற்றையும் இறக்கினோம். பன்னிரண்டு மணிக்கு ரேடியோ மூடச் சொன்னது.

வீட்டில் அக்கா ஒருத்திதான் நம்பவில்லை. கிழங்கும் கணவாயும் போட்டு ஆக்கிய குழம்பைத் தட்டில் ஊற்றும்போது, "இவரு கட்டுன முடிச்சு அவுந்துச்சா? யாருகிட்ட கதை விடுறீங்க," என்று கேட்டாள். கேள்வி அவரிடம், பார்வை என்னிடம். "சாப்பாட்டைப் போடு சிந்தா, ஆறிப்போகுது," என்றார் மச்சான். நான் குனிந்து சாப்பிட்டேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறாள்.

அக்டோபரில் படகை விற்றோம். எனக்கு ஒரு இழுவலைப் படகில் இடம் கிடைத்தது. மச்சான் துறைமுகக் கொட்டகையில் வலை பின்னவும் பானைகளுக்குக் கயிறு கட்டவும் போனார். இடுப்புக்கு உட்கார்ந்த வேலைதான் சரி என்று சொல்லிக்கொண்டார். தாரிஃபாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கடல்காரன் வாய்க்குத் தூரம் ஏது. கதை எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

போன மாசம் கயிறு வாங்கக் கொட்டகைப் பக்கம் போனேன். மச்சான் காப்பி குடிக்கப் போயிருந்தார். அவர் கட்டி முடித்த பானை வரிசை சுவரோரமாகக் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரர், சின்ன வயதிலிருந்து மச்சானிடம் கயிறு நீட்டிய ஆள், குனிந்து ஒவ்வொரு முடிச்சாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு, "சும்மாதான், வயசாயிருச்சுல்ல அவருக்கு," என்றார்.

மச்சான் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கையில் காப்பி இருந்தது. உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, "நல்லா இழுத்துப் பாருங்க, அதுல தப்பில்ல," என்று சொல்லி அடுத்த பானையை எடுத்தார்.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டேன்.